கூல் டிரிங்க்ஸோடு வலி மாத்திரை போட்டால் ஆபத்தா?

நீங்கள் கேட்டதை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். வயது 24, உணவு டெலிவரி வேலை. காலையில் டீ மட்டும் குடித்துவிட்டுக் கிளம்பியிருக்கிறீர்கள். மதியம் ஒன்றரை மணிக்கு வெயிலில் மண்டை பிளக்கிற மாதிரி தலைவலி. மெடிக்கலில் ஒரு டோலோ 650 வாங்கி, அது கேட்காமல் போய்விடுமோ என்று கூடவே ஒரு காம்பிஃப்ளாமும் வாங்கி, இரண்டையும் ஒன்றாக 250 மி.லி. எனர்ஜி டிரிங்க்கில் விழுங்கியிருக்கிறீர்கள். சாயங்காலம் ரூம்மேட் ‘மாத்திரையும் கூல் டிரிங்க்ஸும் சேர்ந்தால் விஷம், ஹார்ட் நின்றுவிடும்’ என்று சொல்ல, பயந்துபோய் இது உண்மையா என்று கேட்கிறீர்கள். எழுதியிருப்பது ஒரு கேள்விதான். ஆனால் அதற்குள் மூன்று இருக்கின்றன. இப்போது எனக்கு ஏதாவது ஆகுமா? கூல் டிரிங்க்ஸ் உண்மையிலேயே மாத்திரையை விஷமாக்குமா? அடுத்த தடவை என்ன செய்ய வேண்டும்?

முதல் கேள்விக்கு முதலில் பதில் சொல்கிறேன், ஏனென்றால் வயிற்றில் பயத்தை வைத்துக்கொண்டு மீதியைப் படிக்க முடியாது. நான் பி.ஃபார்ம் படித்தவன். தூத்துக்குடி மாவட்டத்தில் ஒரு பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே 22 வருஷமாக மெடிக்கல் வைத்திருக்கிறேன். டாக்டர் இல்லை, உங்களை நேரில் பார்க்கவும் இல்லை. நீங்கள் எழுதியதை மட்டும் வைத்துச் சொல்கிறேன். டோலோவில் பாராசிட்டமால் 650 மி.கி. காம்பிஃப்ளாமில் ஐபுப்ரோஃபென் 400 மி.கி., அதோடு பாராசிட்டமால் 325 மி.கி. ஆக, ஒரே வேளையில் பாராசிட்டமால் 975, ஐபுப்ரோஃபென் 400 உள்ளே போயிருக்கிறது. பெரியவர்களுக்கு ஒரு வேளைக்குப் பாராசிட்டமால் 1000 மி.கி. வரை கொடுக்கலாம். ஐபுப்ரோஃபென் 400 வழக்கமான அளவுதான். எனர்ஜி டிரிங்கில் லிட்டருக்கு 145 முதல் 300 மி.கி. வரை கஃபீன் இருக்கலாம் என்பது இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் விதி. அந்தக் கணக்கில் உங்கள் 250 மி.லி.யில் அதிகபட்சம் 75 மி.கி.; ஒரு கெட்டி ஃபில்டர் காபியில் இருக்கிற அளவு. வேறு நோய் எதுவும் இல்லாத 24 வயதுக்காரருக்கு இந்தக் கூட்டு விஷம் இல்லை. படபடப்பு கொஞ்சம் இருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். கஃபீன் பாதி, பயம் பாதியாக இருக்கலாம். கஃபீன் பாதியளவு குறையவே ஐந்து மணி நேரம் போல ஆகும், அதனால் உடனே அடங்கவில்லையே என்று கலங்க வேண்டாம். முகம், உதடு வீங்குவது, மூச்சு இழுப்பது, ரத்த வாந்தி, தார் மாதிரி கறுப்பாக மலம், நெஞ்சு வலி, பல மணி நேரம் சிறுநீரே வராமல் இருப்பது, இதில் எது வந்தாலும் என் பதிலைப் படித்துக்கொண்டிருக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

சரி, ரூம்மேட் சொன்ன கதை எங்கிருந்து வந்தது? இது அவர் கண்டுபிடித்தது இல்லை. 1930களிலேயே அமெரிக்காவில், கோக்கில் ஆஸ்பிரினைப் போட்டுக் குடித்தால் போதை ஏறும் என்று பையன்களிடையே ஒரு பேச்சு பரவி, அதைப் பற்றி டாக்டர்களே கவலைப்பட்டு எழுதியிருக்கிறார்கள். போதை என்று ஆரம்பித்த கதை கொஞ்ச வருஷத்தில் ‘செத்துப்போவாய்’ என்று மாறிவிட்டது. நான் காலேஜ் ஹாஸ்டலில் இருந்தபோதும் இதே கதைதான், பெயர் மட்டும் வேறு. இப்போது வாட்ஸ்அப்பில் வருகிறது. ஆஸ்பிரினும் கோக்கும் சேர்ந்து போதை தரும், உயிரை எடுக்கும் என்பதற்கு ஆதாரம் எதுவும் இல்லை. இதைத் தயக்கமில்லாமல் சொல்லலாம்.

காரணமும் புரிந்துகொள்ளக் கஷ்டமானது இல்லை. கோலா வகைகள் அமிலம்தான், பி.எச். சுமார் 2.5 (இந்த எண் குறையக் குறைய அமிலம் கூடுதல்). ஆனால் சாப்பிடாத வயிற்றில் சுரக்கும் அமிலமே 1.5 முதல் 3.5 வரை இருக்கும். ஏற்கெனவே அமிலத்தில் ஊறிக் கரையத்தான் அந்த மாத்திரை செய்யப்பட்டிருக்கிறது. ஒரு டம்ளர் கோலா அதற்குப் புது உலகம் இல்லை. கேஸ் என்று பார்த்தால், அதுவும் கார்பன் டை ஆக்சைடு மட்டும்தான். தண்ணீரில் போட்டதும் நுரைத்துக் கரைகிற பாராசிட்டமால் மாத்திரைகள் இருக்கின்றன. அதில் வருகிற நுரையும் இதே வாயுதான். அந்த வகை மாத்திரை சாதாரண மாத்திரையைவிடச் சீக்கிரமே ரத்தத்தில் ஏறுகிறது, சாதாரணமானது முக்கால் மணி எடுத்தால் இது அரை மணிக்குள். அதற்குக் காரணம் வாயு இல்லை, மாத்திரையில் இருக்கிற பைகார்பனேட் வயிற்றைச் சீக்கிரம் காலி செய்ய வைப்பது. (அந்த மாத்திரைகளில் சோடியம் நிறைய. பி.பி. உள்ளவர்கள் தினமும் போட்டுக்கொள்ளக் கூடாது.)

என் கடைக்குப் பக்கத்திலேயே ஒரு பெட்டிக்கடை. மாத்திரையை என்னிடம் வாங்கி, நாலு எட்டு வைத்து அங்கே போய் ஒரு கோலி சோடா அல்லது பன்னீர் சோடாவில் விழுங்குகிறவர்களை இத்தனை வருஷமாகத் தினமும் பார்க்கிறேன். ஒரு நாள் கடையில் வேலை பார்க்கிற பையன் உங்களை மாதிரியே கேட்டான்: “அண்ணாச்சி, சோடாவுல போட்டா வெடிக்குமாமே?” ஒரு கண்ணாடி டம்ளரில் கோலி சோடாவை ஊற்றி அவன் கையாலேயே ஒரு பாராசிட்டமாலைப் போடச் சொன்னேன். மாத்திரை அடியில் போய் உட்கார்ந்தது. அதன் மேலெல்லாம் குத்துக் குத்தாகக் குமிழ் ஒட்டியது, கொஞ்சம் சரசரவென்று பொங்கியது. வேதிவினை எதுவும் இல்லை. சொரசொரப்பான எந்தப் பொருளைப் போட்டாலும் அதன் மேல் குமிழ் பிடிக்கும், உப்பைப் போட்டாலும் பொங்கத்தானே செய்கிறது? ஐந்து நிமிஷத்தில் ஓரம் உதிர்ந்து, பத்து நிமிஷத்தில் அடியில் வெள்ளைக் கசடாகப் படிந்துவிட்டது. அந்தக் கசடு பெரும்பாலும் மாத்திரையைக் கெட்டியாகப் பிடிக்கச் சேர்க்கிற ஸ்டார்ச் போன்ற மாவு. அவன் நாக்கில் ஒரு சொட்டு வைத்துப் பார்த்து முகத்தைச் சுளித்தான், வேப்பங்காய்க் கசப்பு. இதில் கற்றுக்கொள்ள ஒன்று உண்டு. டம்ளரில் கரைத்துப் பாதி குடித்துவிட்டு வைத்தால் எவ்வளவு மருந்து உள்ளே போனது என்று யாருக்கும் தெரியாது. அதனால் எந்தப் பானமானாலும் கலந்து வைக்காதீர்கள், முழு மாத்திரையாக விழுங்குங்கள். நுரைத்துக் கரைகிற மாத்திரையை மட்டும் மூடிய சோடா பாட்டிலுக்குள் ஒருபோதும் போடாதீர்கள். உள்ளே ஏற்கெனவே இருக்கிற வாயுவோடு இதுவும் சேர்ந்து மூடி முகத்தில் அடிக்கும்.

இதுவரை சொன்னது உறுதியானது. இனிச் சொல்வதில் கொஞ்சம் சந்தேகத்துக்கு இடம் இருக்கிறது. முயல்களுக்குக் கோலாவோடு ஐபுப்ரோஃபென் கொடுத்துப் பார்த்த ஓர் ஆய்வு 2003இல் வந்தது. கோலாவோடு கொடுத்தபோது மருந்து ரத்தத்தில் கூடுதலாக ஏறியிருந்தது. இதைப் பிடித்துக்கொண்டுதான் சிலர் ‘விஞ்ஞானிகளே சொல்லிவிட்டார்கள்’ என்கிறார்கள். முயலின் வயிறு நம் வயிறு இல்லை. மருந்து கூடுதலாக ஏறுவது வேறு, விஷமாவது வேறு. ஒரு வேளை, இரண்டு வேளைக்கு இதனால் மனிதனுக்குக் கெடுதல் என்று என்னால் சொல்ல முடியாது. மாதக்கணக்கில் தினமும் மூன்று வேளை ஐபுப்ரோஃபென் போடுகிற மூட்டுவலிக்காரர் அதைக் கோலாவில் விழுங்கினால் எப்படி என்று கேட்டால், தண்ணீரில் போடுங்கள் என்பேன். அமிலத்தன்மை சில மருந்துகளை உண்மையிலேயே பாதிக்கும் என்பதும் தெரிந்த விஷயம். படர்தாமரைக்குக் கொடுக்கிற இட்ராகொனசோல் கேப்ஸ்யூல் அமிலம் இருந்தால் நன்றாக ஏறும். அதனால் வயிற்றில் அமிலம் குறைவாக இருப்பவர்களுக்குக் கோலாவோடு கொடுப்பதும் உண்டு. பாராசிட்டமாலுக்கு அப்படி எந்தப் பெரிய வித்தியாசமும் இல்லை.

கஃபீன் விஷயம் இன்னும் சுவாரசியமானது. அது வலி மாத்திரைக்கு எதிரி இல்லை, துணை. 100 மி.கி. போலக் கஃபீன் சேர்ந்தால் வலி நன்றாகக் குறைகிறவர்களின் எண்ணிக்கை நூற்றுக்கு ஐந்து முதல் பத்துப் பேர் வரை கூடுகிறது. சாரிடானில் கஃபீன் இருப்பது இதற்காகத்தான். ஒற்றைத் தலைவலிக்குப் போடும் வாசோகிரெய்னில் மாத்திரைக்கு 100 மி.கி. கஃபீன் இருக்கிறது. எனவே எனர்ஜி டிரிங்க் உங்கள் தலைவலியைக் கெடுக்கவில்லை, கொஞ்சம் உதவியும் இருக்கலாம். ஆனால் வாசோகிரெய்ன் போட்டுக்கொண்டு அதன் மேல் எனர்ஜி டிரிங்க், அப்புறம் இரண்டு காபி என்று போனால் கை நடுக்கம், தூக்கமின்மை எல்லாம் வரும். இதய நோய் உள்ளவர்கள் அந்தப் பக்கமே போகக் கூடாது. இன்னொன்று, தினமும் இப்படிப் போட்டால் மாத்திரையே தலைவலியை உண்டாக்க ஆரம்பிக்கும். கலப்பு வலி மாத்திரைகளை மாதத்தில் 10 நாளுக்கு மேலும், வெறும் பாராசிட்டமாலை 15 நாளுக்கு மேலும் மாதக்கணக்கில் போடுகிறவர்களுக்கு இது வருகிறது. தினம் காலை எட்டு மணிக்கு “ஒரு சாரிடான் அண்ணாச்சி” என்று காசை நீட்டுகிற ஒரு லோடுமேன் இருந்தார். அவருக்கு மாத்திரையை நிறுத்த வைப்பதுதான் வைத்தியமாக இருந்தது; முதல் பத்து நாள் அவர் பட்ட பாடு கொஞ்சமில்லை.

உங்கள் கதையில் என்னை நெருடியது வேறு ஒன்று. கூல் டிரிங்க்ஸைப் பற்றி ஆறு வரி எழுதியிருக்கிறீர்கள். காலையிலிருந்து தண்ணீர் குடிக்கவில்லை என்பதை ஒரு அரை வரியில், போகிற போக்கில் சொல்லியிருக்கிறீர்கள். எனக்கு அந்த அரை வரிதான் முக்கியம்.

ஐபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக், அசிக்ளோஃபெனாக், மெஃபனாமிக் ஆசிட் எல்லாம் ஒரே குடும்பம். உடம்பில் புரோஸ்டாகிளாண்டின் என்ற பொருள் உண்டாவதைத் தடுத்து வலியைக் குறைக்கின்றன. அந்தப் பொருள் வலியை மட்டும் உண்டாக்குவதில்லை. வயிற்றின் உள்சுவரில் அமிலம் படாமல் பூச்சு சுரக்க வைப்பதும் அதுதான், உடம்பில் நீர் குறையும்போது சிறுநீரகத்துக்குள் ரத்தக் குழாயைத் திறந்து வைத்திருப்பதும் அதுதான். நன்றாகத் தண்ணீர் குடித்த உடம்பில் சிறுநீரகம் அந்த உதவியை அதிகம் கேட்காது. வியர்வையில் காய்ந்துபோன உடம்பில் அந்த ஓர் உதவியை நம்பித்தான் அது ஓடிக்கொண்டிருக்கும். அந்த நேரம் பார்த்து நாம் இந்த மாத்திரையைப் போட்டு அதையும் அடைத்துவிடுகிறோம்.

எங்கள் ஊர்ப் பக்கம் உப்பளம். பாத்திக்குள் நின்று உப்பு வாருகிறவர்களுக்கு மேலே வெயில், கீழே உப்பு நீரிலிருந்து அடிக்கிற கண்கூச்சம், இரண்டு பக்கமும் சூடு. பெண்கள் ஒதுங்க இடமில்லாததால் தண்ணீரையே குறைத்துக்கொள்வார்கள். சாயங்காலம் வரும்போது “இடுப்பு விட்டுப்போச்சு அண்ணாச்சி, நல்ல பவரா ஒண்ணு கொடுங்க” என்பார்கள். பவராக என்றால் டைக்ளோஃபெனாக். ஆரம்பத்தில் எனக்கும் விவரம் பத்தாது, கொடுத்திருக்கிறேன். வழக்கமாக வருகிற ஓர் அக்காவுக்கு ஒரு கோடைக்குப் பிறகு கால் வீங்கி, ஆஸ்பத்திரியில் கிரியாட்டினின் (சிறுநீரகம் சரியாக வேலை செய்கிறதா என்று ரத்தத்தில் பார்க்கும் அளவு) கூடுதல் என்றார்கள். மாத்திரையால்தான் என்று யாரும் சொல்லவில்லை, நானும் சொல்ல முடியாது; வெயில், தண்ணீர் குறைவு, மாத்திரை மூன்றும் ஒன்றாக இருந்தன. தமிழ்நாட்டு உப்பளத் தொழிலாளர்களிடம் வெப்பத்தால் சிறுநீரகம் பாதிக்கப்படுவதை ஆய்வுகளும் பதிவு செய்திருக்கின்றன. அன்றிலிருந்து வெயிலில் வேலை செய்துவிட்டு வருகிறவர்களுக்கு டாக்டர் சீட்டு இல்லாமல் அந்த வகை எதையும் கொடுப்பதில்லை. முதலில் கடையில் இருக்கிற மண்பானைத் தண்ணீர் இரண்டு டம்ளர், அப்புறம்தான் பேச்சு.

கூல் டிரிங்க்ஸ் இந்த இடத்தில்தான் கணக்கில் வருகிறது. தாகம் எடுத்த உடம்புக்குத் தண்ணீர் கொடுக்க வேண்டிய நேரத்தில் கலர் குடித்தால் தாகம் அடங்கியது போலத் தோன்றும். வெயிலில் உழைக்கும்போது தண்ணீருக்குப் பதில் சர்க்கரை போட்ட கூல் டிரிங்க்ஸ் கொடுத்து மனிதர்களிடம் செய்த ஓர் ஆய்வு 2019இல் வந்தது. சிறுநீரகத்துக்கு அடி விழுவதற்கான அடையாளங்கள் தண்ணீர் குடித்தபோது இருந்ததைவிட அதில் அதிகமாக இருந்தன. ஆய்வில் இருந்தவர்கள் கொஞ்சப் பேர்தான், அதனால் இதை முடிந்த முடிவாகச் சொல்ல மாட்டேன். ஆனால் சர்க்கரைக் கணக்கு சந்தேகமே இல்லாதது. பேதிக்குக் கொடுக்கிற உப்பு-சர்க்கரைக் கரைசலான உலக சுகாதார நிறுவனத்தின் ஓ.ஆர்.எஸ்.ஸில் லிட்டருக்கு 13.5 கிராம் குளுக்கோஸ். சாதாரண கோலாவில் லிட்டருக்கு நூறு கிராமுக்கு மேல் சர்க்கரை, உப்பு கிட்டத்தட்ட இல்லை. பேதியான குழந்தைக்கும் காய்ச்சல்காரருக்கும் கலர் வாங்கிக் கொடுக்கிற பழக்கம் எங்கள் பக்கம் இன்னும் இருக்கிறது. அட்டைப்பெட்டியில் பழச்சாறு போல விற்ற சில இனிப்புப் பானங்களும் ஓ.ஆர்.எஸ். என்று பெயர் போட்டுக்கொண்டு வந்தன. அப்படிப் போடக் கூடாது என்று 2025 அக்டோபரில் உணவுப் பாதுகாப்பு ஆணையம் உத்தரவு போட்டது. வாங்கும்போது ஒரு லிட்டர் தண்ணீரில் கரைக்கிற பொடியாகப் பார்த்து வாங்குங்கள். அது இல்லையென்றால் உப்புப் போட்ட மோர், நீராகாரம் போதும்.

உங்கள் தலைவலிக்கும் இதுதான் காரணமாக இருக்கும் என்று எனக்குத் தோன்றுகிறது. சாப்பாடு இல்லை, தண்ணீர் இல்லை, மதிய வெயில், தலையில் ஹெல்மெட். அந்த நேரத்தில் அரை லிட்டர் தண்ணீர் குடித்து, நிழலில் இருபது நிமிஷம் உட்கார்ந்து, நாலு இட்லி சாப்பிட்டிருந்தால் மாத்திரை தேவைப்பட்டிருக்காமலே போயிருக்கலாம். டெலிவரி ஆப்பில் நேரம் ஓடிக்கொண்டிருக்கும்போது இருபது நிமிஷம் உட்காருவது எவ்வளவு கஷ்டம் என்பது எனக்குப் புரிகிறது. என் கடை வாசலில் உங்களை மாதிரிப் பையன்கள் வண்டியை ஆஃப் பண்ணாமலே மாத்திரை கேட்பதைப் பார்க்கிறேன்.

வெறும் வயிறு பற்றி எல்லோரும் எச்சரிப்பார்கள். நானும் ‘சாப்பிட்டுப் போடுங்க’ என்றுதான் சொல்வேன், ஆனால் முழு உண்மையையும் சொல்ல வேண்டும். ஐபுப்ரோஃபென் குடும்ப மாத்திரைகள் வயிற்றை மேலாகச் சுரண்டுவதோடு, ரத்தத்தில் கலந்த பிறகு உள்ளிருந்தும் அந்தப் பூச்சைக் குறைக்கின்றன. அதனால் சாப்பிட்டுப் போட்டால் அல்சர் வரவே வராது என்று யாரும் உத்தரவாதம் தர முடியாது. எரிச்சல் குறையும், அவ்வளவுதான். புளிப்பும் கேஸும் உள்ள பானம் ஏற்கெனவே நெஞ்செரிச்சல் உள்ளவருக்கு அந்த எரிச்சலைக் கூட்டும். உங்களுக்கு அந்தத் தொந்தரவு இல்லையென்றால் ஒரு தடவைக்கு ஒன்றும் ஆகாது. பாராசிட்டமாலுக்கு வெறும் வயிறு பிரச்சினையே இல்லை.

அடுத்து, பாராசிட்டமால் பல பெயர்களில் ஒளிந்திருப்பது. கூல் டிரிங்க்ஸைவிட ஆயிரம் மடங்கு நிஜமான ஆபத்து இது, உங்களுக்கும் அது நடந்திருக்கிறது. டோலோ, காம்பிஃப்ளாம் என்று பெயர் வேறு, நிறம் வேறு, இரண்டிலும் பாராசிட்டமால். ஜெரோடால் பி என்ற வலி மாத்திரையில் அந்த ‘பி’ பாராசிட்டமால். சளிக்குப் போடுகிற மாத்திரைகள் பெரும்பாலானவற்றில் அது உண்டு. ஓர் அம்மா காய்ச்சலுக்கு ஒன்று, சளிக்கு ஒன்று, கை கால் வலிக்கு ஒன்று என்று மூன்று கடையில் வாங்கியதை ஒரு மஞ்சள் பைக்குள் போட்டு எடுத்து வந்து, “இன்னும் கேக்கலைப்பா” என்று என் மேஜையில் கொட்டினார். அட்டைகளைத் திருப்பி வைத்துக் கூட்டிப் பார்த்தேன். அவர் போட்ட கணக்குப்படி ஒரு நாளைக்கு ஐந்து கிராமுக்கு மேல் போயிருந்தது. பெரியவர்களுக்கு 24 மணி நேரத்தில் 4 கிராம்தான் எல்லை. மெலிந்தவர்கள், கல்லீரல் கோளாறு உள்ளவர்கள், தினமும் குடிக்கிறவர்களுக்கு அதுவே அதிகம். பாராசிட்டமால் கல்லீரலில் உடையும்போது கொஞ்சம் நச்சு உண்டாகும். அதை அணைக்கக் கல்லீரலிடம் இருக்கிற சரக்கு தீர்ந்துபோனால் கல்லீரலே வெந்துபோகும். முதல் நாள் லேசான குமட்டலைத் தவிர ஒன்றும் தெரியாது, இரண்டாம் மூன்றாம் நாள்தான் வெளியே தெரியும். முறிமருந்து இருக்கிறது, 8 மணி நேரத்துக்குள் கொடுத்தால் நன்றாக வேலை செய்யும். அதனால் அளவு மீறிவிட்டது என்று தெரிந்தால் ‘நல்லாத்தானே இருக்கேன்’ என்று காத்திருக்கவே கூடாது. அந்த அம்மாவை அன்றே அரசு ஆஸ்பத்திரிக்கு அனுப்பினேன், பிழைத்துக்கொண்டார்.

சோடா என்றதும் சொல்லியே ஆக வேண்டிய ஒன்று இருக்கிறது. உங்கள் வயதுக்கு இது பொருந்தாது, உங்கள் அப்பாவுக்குப் பொருந்தும். நெஞ்சில் அடைக்கிறது, தாடை வலிக்கிறது, வியர்க்கிறது என்றால் ‘வாயுதான்’ என்று ஒரு கோலி சோடாவைக் குடித்து ஒரு வலி மாத்திரையைப் போட்டுக்கொண்டு படுப்பது நம் ஊரில் சகஜம். சோடா குடித்தால் ஏப்பம் வரும், ஏப்பம் வந்ததும் இலேசானது போல இருக்கும். மாரடைப்பிலும் அப்படித் தோன்றும். ஒருவர் என் கடைக்கு வந்து நின்று, “நெஞ்சுக்குள்ள கேஸ் சுத்துது, ஈனோ ஒண்ணும் வலி மாத்திரையும் கொடுங்க” என்றார். சட்டை முதுகில் ஒட்டிக்கொண்டிருந்தது, அது மார்கழி மாதம். 108க்கு அடித்தேன். ஈ.சி.ஜி.யில் அட்டாக். இந்தச் சூழ்நிலையில் டைக்ளோஃபெனாக், ஐபுப்ரோஃபென் போன்றவை இதயத்துக்குக் கெடுதலும்கூட. இதயத்துக்காகத் தினமும் குறைந்த அளவு ஆஸ்பிரின் போடுகிறவர்கள் ஐபுப்ரோஃபெனைக் கேட்காமல் போடக் கூடாது, அது ஆஸ்பிரினின் வேலையைத் தடுக்கும். பி.பி.க்கு டெல்மிசார்டன், அதோடு நீர் பிரிய மாத்திரை, இரண்டும் போடுகிறவர்கள் மேலே ஐபுப்ரோஃபென் குடும்ப வலி மாத்திரையும் சேர்த்தால் சிறுநீரகம் ஒரே வாரத்தில்கூடத் தடுமாறும்.

கோலாவோ சோடாவோ பிராந்தியில் கலந்திருந்தால் பேச்சே வேறு. அப்போது வயிற்றில் ரத்தக் கசிவுக்கும் கல்லீரலுக்கும் ஆபத்து கூடுகிறது. மறுநாள் காலைத் தலைவலிக்கு மாத்திரை தேடுகிறவர்களுக்கும் முதலில் தண்ணீர்தான். இன்னொரு கலப்பைப் பற்றியும் கேள்விப்பட்டிருப்பீர்கள்: டிரமடால், டேபென்டடால் மாதிரி வலி மாத்திரைகளையும் கோடீன் கலந்த இருமல் மருந்தையும் கூல் டிரிங்க்ஸில் கலந்து போதைக்குக் குடிப்பது. நீங்கள் கேட்டது அது இல்லை, ஆனால் உங்கள் கேள்வியைத் தேடி வருகிறவர்களில் சிலர் அதைத்தான் தேடியிருப்பார்கள். அவை மூச்சை மெதுவாக்கி, தூக்கத்திலேயே நிறுத்திவிடும் மருந்துகள். அங்கேயும் கொல்வது மாத்திரைதான், கலர் அதன் கசப்பை மறைக்கிறது. டிரமடால் 2018இலிருந்து போதைப்பொருள் சட்டத்தின் கீழ் இருக்கிறது. யாராவது மாட்டிக்கொண்டிருந்தால் போதை மீட்பு உதவி எண் 14446க்குக் கூப்பிடலாம், காசு கிடையாது.

குழந்தைகள் இருக்கிற வீட்டுக்கு ஒரு வார்த்தை. காய்ச்சல் சிரப்பைக் கூல் டிரிங்க்ஸில் கலந்து கொடுத்தால் குழந்தை பாதியில் நிறுத்திவிடும், அளவு போய்விடும். கப்பில் அளந்து நேராக வாயில் கொடுத்து, பிறகு எதை வேண்டுமானாலும் குடிக்கக் கொடுங்கள். எந்த வலி மாத்திரையோடும் குழந்தைகளுக்கு எனர்ஜி டிரிங்க் கூடாது, தனியாகவும் கூடாது. டப்பாவிலேயே அப்படித்தான் எழுதியிருக்கும். மழைக்காலத்தில் காய்ச்சல் என்றால் பெரியவர்களும் ஆஸ்பிரின், ஐபுப்ரோஃபென் பக்கம் போக வேண்டாம். டெங்குவாக இருந்தால் ரத்தக் கசிவைக் கூட்டும். பாராசிட்டமால் மட்டும்.

அடுத்த தடவைக்கு: ஒரு முழு டம்ளர் தண்ணீர், 200 மி.லி. போல, உட்கார்ந்தோ நின்றோ விழுங்கி, பதினைந்து நிமிஷமாவது படுக்காதீர்கள். ஒரு வாய் தண்ணீரில் விழுங்கிவிட்டுப் படுத்தால் மாத்திரை உணவுக்குழாயில் ஒட்டிப் புண்ணாக்கும், அந்த வலி நெஞ்சு வலியையே மிஞ்சும். பஸ்ஸில் இருக்கிறீர்கள், தண்ணீர் இல்லை, கையில் இருப்பது ஒரு பாட்டில் கலர்தான் என்றால் பாராசிட்டமாலை அதிலேயே விழுங்குங்கள், தப்பில்லை. வறட்டு வாயில் விழுங்குவதைவிட அது மேல். சர்க்கரை நோய் இருப்பவர் மட்டும் அதிலுள்ள சர்க்கரையைக் கணக்கில் வைக்க வேண்டும். தலைவலிக்கு முதலில் பாராசிட்டமால் ஒன்று, ஒரு மணி நேரம் பொறுங்கள். கேட்கவில்லையென்றால் இரண்டாவதைப் பற்றி யோசிக்கலாம்.

இன்றைக்கு உங்களுக்கு, தம்பி: ஒன்றரை மணிக்குப் போட்டிருக்கிறீர்கள், ஆறு மணி நேரம் என்றால் ஏழரை வரை பாராசிட்டமால் உள்ள எதையும் தொட வேண்டாம். ஐபுப்ரோஃபென் இன்றைக்கு இனி வேண்டவே வேண்டாம். இப்போதிலிருந்து படுக்கிற வரை ஒன்றரை லிட்டர் தண்ணீர், கொஞ்சம் கொஞ்சமாக. ரசம் சாதமோ இட்லியோ சாப்பிடுங்கள். ராத்திரிக்குள் சிறுநீர் வெளிர் மஞ்சளாக வருகிறதா என்று பாருங்கள். நாளை காலையிலும் அடர் மஞ்சளாக, கொஞ்சமாகத்தான் வருகிறது என்றால் பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் காட்டி, கிரியாட்டினின் பார்க்க வேண்டுமா என்று டாக்டரிடம் கேளுங்கள். போகும்போது அந்த இரண்டு மாத்திரை அட்டைகளையும் கையோடு எடுத்துப் போங்கள்.